இரண்டு கை கேட்ட மெஷின்

வலது கை மணிக்கட்டோடு போனபோது ஹுமாயூன் பாய் அழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்து, துணி சுற்றிய மொட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இன்னும் ஒண்ணு கீதே" என்றார். அவ்வளவுதான்.

அவர் அழுதது அதற்குச் சில மாதங்கள் கழித்து. தண்டையார்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்த விறகு பிளந்து விற்கும் தன் தொட்டிக்குள் அன்று மதியம் நுழைந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவர் மனைவி ஷரீஃபுன்னிசா, புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள்.

கோடாலி கட்டையில் விழவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அவள் காலுக்குப் பக்கத்து மண்ணில் புதைந்தது. அவள் அதைப் பிடுங்கி மறுபடியும் தூக்கினாள்.

"ஷரீஃபா!"

அவள் திரும்பினாள். நெற்றி வியர்வையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "பிரியாணிக்கு விறகு கேட்டு மதார் சாகிப் வண்டி அனுப்பிட்டாரு. நாளைக்குக் கல்யாணம். பொளக்கிறவன் வேலையப் பாதியில போட்டுட்டுப் பூட்டான். வேற இன்னா பண்றது?"

ஹுமாயூன் பாய், அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒரு கையால் முகத்தை மூடி அழுதார். இன்னொரு கை இருந்திருந்தால் சத்தத்தையும் மூடியிருக்கலாம்.

அந்தக் கை போன கதை சின்னது. கப்பலில் சரக்கு ஆடாமல் இருக்க அண்டைகொடுக்கும் பலகைகள் துறைமுகத்தில் கழிவாக வரும். அதில் ஒரு கட்டு வாங்கிப் பிரித்தபோது துருப்பிடித்த ஆணி ஒன்று உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வியாதி. கல்யாண சீசன். மஞ்சள் வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு கோடாலியை விடாமல் வீசினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கை கறுத்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு கூலிக்கு ஆள் வைத்தார். வந்தவர்கள் எல்லாம் முதலாளியின் கையைப் பார்த்தார்கள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வேலைக்கு நடுவே எழுந்து போனார்கள். கடைசியாக வந்தவன், பாதிக் கட்டையில் கோடாலியைக் குத்தி நிறுத்திவிட்டு, "ரொம்பத்தான் அவசரம்னா நீ வந்து பொள, ஒத்தக்கை பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றுதான் ஷரீஃபுன்னிசா கோடாலியை எடுத்தாள்.

இரவுச் சோற்றைப் பரிமாறும்போது அவள் கையை முந்தானைக்குள் வைத்து வைத்து எடுத்தாள். பாய் அந்தக் கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு உடைந்து, தோல் தொங்கிக்கொண்டிருந்தது. நிக்காஹ்வுக்கு முதல் நாள் மருதாணி சிவந்திருந்த அதே கை. அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இனிமே உன் கையில கோடாலியப் பாத்தேன்னா..."

"பாத்தா? இன்னா பண்ணுவீங்க? ஒத்தக்கையால அடிப்பீங்களா?" அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ராயபுரத்தில் வால்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். வால்டர் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் கிரேன்களின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு வாசலில் வெல்டிங் பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். மாதா கோயில் திருவிழாச் சமையலுக்கு விறகு வாங்கப் போன பழக்கத்தில் இருவரும் தோஸ்து.

"வால்டரண்ணே, எனக்கு ஒரு மெஷினு வேணும். கட்டையப் பொளக்கிற மெஷினு. எம் மச்சான் தவ்ஃபீக் கிட்ட டிராக்டர் கீது. அத்த வெச்சு ஓட்டணும்."

"வாங்கிக்கலாமே பாய், ரெடிமேடா விக்கிறான்."

"அது சவுக்குக்குத்தான். நேர் கட்டைக்கு. நம்மளது புளி. மதார் சாகிப் புளியங்கட்டை தவிர வேற எத்தையும் அடுப்புல வெக்க மாட்டாரு."

அது உண்மை. மதார் சாகிப் பெரிய பிரியாணி மாஸ்டர். சவுக்கு குபுகுபுவென்று எரிந்து சாம்பலாகிவிடும், தம் போடும்போது தேக்சா மூடி மேல் அள்ளிப் போடத் தணல் இருக்காது என்பார். புளியங்கட்டைத் தணல்தான் கடைசிப் பந்தி வரைக்கும் நிற்கும். ஆனால் புளிய மரம் நேராக வளராது. முறுக்கும், முடிச்சும், கோணலுமாகத்தான் வரும்.

வால்டர் ஒரு சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் படம் போட்டார். கீழே ஒரு நீளமான இரும்பு உத்தரம். ஒரு முனையில் அசையாத தடித்த தகடு. மறு முனையில் எண்ணெய் அழுத்தத்தில் நீளும் ஜாக்கி, அதன் நுனியில் ஓர் இரும்பு ஆப்பு. நடுவில் கட்டையைப் படுக்க வைத்தால், டிராக்டரிலிருந்து வரும் எண்ணெய் ஆப்பைத் தள்ளும். கட்டை தகட்டில் மோதிப் பிளக்கும்.

"இது ரெண்டு கைப்பிடி" என்று இரண்டு கோடு கிழித்தார். "ரெண்டையும் ஒண்ணா அமுக்கினாத்தான் ஆப்பு முன்னால போவும். ரெண்டையும் ஒண்ணா தூக்கினாத்தான் பின்னால வரும். ஒண்ணை வுட்டாலும் நின்னுரும்."

"அண்ணே, எனக்குக் கீறது ஒரு கை."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணுதான் கீது."

"வெளையாடாத நைனா. ஒரு கைப்பிடி வெச்சுக் குடு."

வால்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "கை ரெண்டும் கைப்பிடியில இருந்தா கட்டையில கை இருக்காது. ஒரு கை சும்மா இருந்தா அது கட்டைகிட்டதான் போவும். எங்க ஒர்க்‌ஷாப்ல ஒருத்தன் விரலைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டுனவன் நானு. ரெண்டு கைப்பிடின்னா செய்றேன். இல்லாட்டி என் வூட்டுக்காரி ஆலிஸ் டீ போடுறா, குடிச்சிட்டுக் கெளம்பு."

பாய் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். விஷயத்தைக் கேட்ட ஷரீஃபுன்னிசா, வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "இன்னொரு கைப்பிடிய நான் பிடிச்சிக்கிறேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு..."

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வால்டரும் பாயும் வெயிலில் காய்ந்து அலைந்து உத்தரமும் தகடும் தேடிப் பிடித்தார்கள். ஜாக்கி, உடைக்கப் போட்ட டிப்பர் லாரி ஒன்றிலிருந்து வந்தது. ஆப்பை வால்டரே தீட்டினார். மீஞ்சூர்ப் பக்கம் தண்ணீர் டேங்கர் இழுத்துக்கொண்டிருந்த தவ்ஃபீக், நடை முடிந்ததும் டிராக்டரைத் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். அக்காவென்றால் அவனுக்கு உயிர்.

முதல் கட்டையை வைத்த அன்று சந்தே கூடிவிட்டது. யாரும் தொடத் துணியாமல் மூலையில் கிடந்த முடிச்சு விழுந்த புளியங்கட்டை அது. பாய் இடது கையால் ஒரு பிடியைப் பிடித்தார். ஷரீஃபுன்னிசா அடுத்த பிடியைப் பிடித்தாள்.

"பிஸ்மில்லா" என்றாள்.

இருவரும் அமுக்கினார்கள். டிராக்டர் உறுமியது. கட்டை ஒரு முறை முனகியது. பிறகு வாய் பிளந்து இரண்டாக விழுந்தது. வெளியே வந்த புளியின் வைரம் பாய்ந்த செந்நிற உட்கட்டையைப் பார்த்து மதார் சாகிப், "மாஷா அல்லாஹ்" என்று தாடியைத் தடவிக்கொண்டார்.

"இன்னா பாய், புருசனும் பொஞ்சாதியும் டபுள்ஸ் போறீங்களா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஆமா, உன்னை மாதிரி பொஞ்சாதிய வேலைக்கு அனுப்பிட்டுக் கடையில குந்திகினு கீறமா?" என்று ஷரீஃபுன்னிசா திருப்பிக் கொடுத்தாள். சந்து முழுக்கச் சிரித்தது. பாயும் சிரித்தார். கை போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அந்த மழைக்காலம் வரை அவர்கள் வாழ்க்கையில் வெளிச்சம் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் பாய் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். கொப்புளங்கள் காய்ந்து, உரிந்து, புதுத் தோல் வந்துவிட்டது. "போதும், ரேகை பாக்குறவன் கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்" என்று அவள் கையை இழுத்துக்கொள்வாள்.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. புளியங்கட்டை கோணல் அல்லவா? வைத்த இடத்தில் நிற்காது, உருண்டு சாயும். அப்போது ஷரீஃபுன்னிசா தன் பிடியை விட்டுவிட்டு, கையை நீட்டிக் கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே கொடுத்து நிமிர்த்துவாள். மறுபடி பிடிக்கு வருவாள். பிஸ்மில்லா சொல்வாள். தன் கை பிடியில் இல்லாதவரை அந்த ஆப்பு ஒரு நூல் கூட அசையாது என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில், யோசிக்காமலே அவள் கை கட்டைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

மழை பிடித்ததும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மதார் சாகிப் கையில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள். போர்வையோடு எழுந்து உட்கார்ந்தவளைப் பாய் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். நெற்றி கொதித்தது.

"கட்டைய யாரு..."

"நான் பாத்துக்குறேன். நீ படு."

தொட்டிக்கு வந்தால் இன்னொரு பிடிக்குக் கை இல்லை. தவ்ஃபீக் டிராக்டரின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் இறங்கினால் மழை ஈரத்தில் இன்ஜின் அடிக்கடி அணைந்துவிடுகிறது. மேலேயே இருந்து முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"மச்சான், எதுக்குப் பேஜாரு?" என்றான் அவன். குப்பையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்து வந்து, அக்காவின் பிடியை அமுக்கிய நிலையிலேயே இறுக்கிக் கட்டினான். "இப்ப ஒரு கையே போதும். அமுக்குனா போவும், வுட்டா நிக்கும்."

"பின்னால எப்டிடா வரும்?"

"கட்டை பொளந்ததும் நான் எறங்கி வந்து அவுத்து வுடுறேன்."

பாய் தயங்கினார். வால்டர் சாக்பீஸைக் கீழே வைத்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, போர்வைக்குள் நடுங்கும் அந்த முகம் கண்முன் வந்தது. வேலை நடக்கவில்லையென்றால் அவள் எழுந்து வந்துவிடுவாள். வந்து மழையில் நிற்பாள். பாய் தன் தோள் துண்டை எடுத்து டியூப் தெரியாதபடி அந்தப் பிடியின் மேல் போட்டார். பிறகு இடது கையால் அமுக்கினார்.

கட்டை பிளந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள்: "என் கைப்பிடிய யாரு பிடிச்சா?"

"தவ்ஃபீக்" என்றார்.

கணவர் சொன்னதை நம்பிக் கண்ணை மூடினாள் அந்தப் பேதை. பொய்தான். ஆனால் அதைவிட அன்பான பொய்யை அந்த மனிதர் தன் வாழ்நாளில் சொன்னதில்லை.

காய்ச்சல் விட்ட நாள். மழையும் விட்டிருந்தது. வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிட்டிருக்க மாட்டாரே என்று ஷரீஃபுன்னிசா நோன்புக் கஞ்சி மாதிரிக் கறி போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிக்கு வந்தாள். அவர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வாசலிலிருந்து பார்த்தாள். தவ்ஃபீக் டிராக்டர் மேல் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கிக்கொண்டிருந்தான். ஆக, அவளுடைய பிடியில் ஆள் இல்லை. அதன் மேல் ஒரு துண்டு தொங்கியது. பாய் பெரிய கவட்டைக் கட்டை ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து காலடிச் சிராய்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கட்டை சாய்ந்துகொண்டிருந்தது.

"இதுகூட நிக்க வெக்கத் தெரியல" என்று அவள் முணுமுணுத்தாள். வலது கையில் தூக்குவாளி. இடது கையை, எப்போதும் போல, கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே கொடுத்தாள்.

கட்டையின் கவட்டை அவளை மறைத்தது. நிமிர்ந்த பாய், கட்டை தானாகவே நிமிர்ந்துவிட்டது என்று நினைத்தார். பிடியை அமுக்கினார்.

தூக்குவாளி கீழே விழுந்த சத்தம் டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் கேட்டது.

"இன்னாங்க!"

பாய் கையை எடுத்தார். ஆப்பு நின்றது. நின்றதே தவிரப் பின்னால் போகவில்லை. இரண்டு பிடியையும் தூக்கினால்தானே போகும்! அதில் ஒன்று கட்டப்பட்டுக் கிடக்கிறதே! துண்டைப் பிய்த்தெறிந்தார். டியூபின் முடிச்சில் விரலை விட்டார். ஒரு கையால் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியுமா? மொட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். வழுக்கியது. குனிந்து பல்லால் கடித்தார். ரப்பர் நீண்டது, அறுபடவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கம் அவள் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களில் வலியைவிடக் குழப்பம்தான் இருந்தது. தன் கை பிடியில் இல்லாதபோது இது எப்படி நகர்ந்தது என்ற குழப்பம்.

தவ்ஃபீக் குதித்து வந்து கோடாலியால் டியூபை வெட்டினான். இருவருமாகப் பிடிகளைத் தூக்கினார்கள்.

அவள் இடது கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று.

மகள் இஷ்ரத் வாணியம்பாடியிலிருந்து ஓடி வந்து, தாயைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டாள். பாய் வாசலிலேயே உட்கார்ந்து கிடந்தார். தவ்ஃபீக் அக்காவின் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, "என்னைக் கொன்னு போட்ரு அக்கா" என்று தலையை மோதிக்கொண்டு அழுதான். "டேய், நல்லா இருக்கற கட்டில ஒடைக்காதடா" என்றாள் ஷரீஃபுன்னிசா.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு வால்டர் இரும்பை அறுக்கும் கேஸ் கட்டரோடு தொட்டிக்கு வந்தார். அறுபட்ட டியூப் இன்னும் மண்ணில் கிடந்தது. காலால் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பாய்க்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மெஷின அறுத்துடறேன் பாய்" என்றார் வால்டர்.

"அறு."

"எதுக்கு வால்டரண்ணே?" வாசலில் ஷரீஃபுன்னிசா நின்றிருந்தாள். புர்காவின் இடது கைத்துணி நுனி வெறுமையாகத் தொங்கியது. "அது இன்னா பண்ணுச்சு? சொன்னதக் கேட்டுச்சு. அவ்ளோதானே?"

அவள் நடந்து போய்த் தன் பிடிக்கு முன்னால் நின்றாள். மிச்சமிருந்த வலது கையை அதன் மேல் வைத்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கை கீது. இதுக்கு வேண்டியதும் ரெண்டுதானே? தவ்ஃபீக், வண்டிய எடு."

டிராக்டர் உறுமியது. வால்டர் ஒரு நேர் கட்டையாகப் பார்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

"பிஸ்மில்லா" என்றாள்.

பாய் இடது கையைத் தூக்கினார். பிடி வரை கொண்டுபோனார். அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். மறுபடியும் சொன்னாள். அவர் விரல்கள் இரும்பைத் தொட்டன. தணலைத் தொட்ட மாதிரி விலகின. மூன்றாம் முறை அவள் சொன்னபோது பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால ஆவல ஷரீஃபா. ஆவல."

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

மெஷின் மேல் தார்ப்பாய் ஏறியது. கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருவேறும். மீஞ்சூரிலிருந்து பிளந்தே வரும் சவுக்கை இறக்கி அடுக்கி விற்கிறார் பாய். மதார் சாகிப் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "தணல் நிக்கல பாய், தப்பா நெனைக்காத" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு வேறு தொட்டிக்குப் போய்விட்டார்.

இஷ்ரத்தும் எத்தனை நாள்தான் மாமியார் வீட்டை விட்டு இருப்பாள்? அவள் ஊருக்குப் போன மறுநாள், பாய் அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஷரீஃபுன்னிசா தரையில் உட்கார்ந்து வெங்காயத்தை மொட்டைக் கையால் பலகையோடு அழுத்திக்கொண்டு வெட்டப் பார்த்தாள். அது நழுவி ஓடியது. எடுத்து வைத்தாள். மறுபடியும் ஓடியது.

பாய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வெங்காயத்தை எடுத்துப் பலகையில் வைத்துத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

அவள் கத்தியை நிறுத்தினாள். வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். அவருக்கு மிச்சமிருந்த ஒரே கை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "டியூப கட்டுனது கூட எனக்குப் பெருசாத் தெரியல. தவ்ஃபீக் பிடிச்சான்னு சொன்னீங்களே, அதான். மெஷினு என்கிட்ட ஒரு நாளும் பொய் சொல்லல."

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் வெங்காயம் உருண்டுவிடும்.

"விரலை உள்ளே மடக்கிக்கோங்க."

மடக்கிக்கொண்டார்.

"பயமா கீதா?"

"இல்ல."

"எனக்குக் கீது" என்றாள் ஷரீஃபுன்னிசா. கத்தி அவர் விரல்களுக்கு மேல் அப்படியே நின்றது. வெளியே எண்ணூர்ப் பக்கம் போகும் சரக்கு ரயில் ஒன்று வீட்டையே அதிரவைத்துக்கொண்டு கடந்து போனது. அது முழுசாகப் போய், தரை அசைவது அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வெட்டினாள்.